மூச்சு இருக்கிறது, கால் வரவில்லை: ஒரு கபடி ரெய்டரின் தசைநார்களும் ஏற்காட்டு மலைப்பாதையும்

வீரரும் புகாரும்

ஏற்காடு அடிவாரத்தை ஒட்டிய ஊர் ஒன்றின் கபடி அணியில் முதன்மை ரெய்டராக (எதிரணிக் களத்துக்குள் பாடிச் சென்று தொட்டுத் திரும்புபவராக) ஆடும் இருபத்திரண்டு வயது இளைஞர், ஆயுத பூசை கழிந்த வாரத்தில் சேலத்திலுள்ள எங்கள் இயன்முறை சிகிச்சை மையத்துக்கு வந்தார். அவருடைய ஒப்புதலோடு, பெயரையும் ஊரையும் தவிர்த்து இதை எழுதுகிறேன். இரண்டு முழங்கால்களிலும் சில்லுக்குச் சற்றுக் கீழே வலி, படியிறங்கும்போதும் குந்தி எழும்போதும் அது கூடுகிறது என்பதுதான் அவர் சொன்ன புகார். விசாரிக்க விசாரிக்க, அந்த வலியைவிட வேறொன்று அவரை அதிகமாக வாட்டுவது தெரிந்தது. அதை அவரே சொன்ன விதத்தில் பதிவு செய்வது நல்லது, ஏனெனில் இந்த நிகழ்வின் விடை ஏறத்தாழ முழுவதும் அந்த இரண்டு வாக்கியங்களில் இருந்தது: "முதல் பாதியில எங்க வேணாலும் போய்ட்டு வந்துடுறேனுங்க. ரெண்டாவது பாதியில மூச்சு இருக்குது, பாட்டு விடாமப் பாடுறேன், ஆனா கால்தான் வர மாட்டேங்குது."

உடன் வந்திருந்த பயிற்சியாளர், அணியில் அனைவரும் மாஸ்டர் என்று அழைக்கும் அறுபதை நெருங்கும் பெரியவர், இதற்கு ஏற்கெனவே ஒரு காரணம் கண்டிருந்தார். "தம்பிக்கு ஸ்டாமினா பத்தலைங்க டாக்டர், அதான் மலையேற விட்டேன்" என்றார். வாரத்தில் நான்கு நாள் விடியற்காலையில் அடிவாரத்திலிருந்து மலைப்பாதையில் ஓடி ஏறி, சில கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, அதே பாதையில் ஓடியே இறங்க வேண்டும் என்பது அவர் வகுத்த பயிற்சி. சுமார் 300 மீட்டர் உயரத்திலிருக்கும் சேலத்திலிருந்து 1,500 மீட்டரை ஒட்டிய ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும் சாலை அது. அதன் கீழ்ப்பகுதியே கடுமையான ஏற்றம். மலைக் கிராமங்களிலும் காபித் தோட்டங்களிலும் இருப்பவர்கள் தலையில் மூட்டையோடு மூச்சு வாங்காமல் ஏறுவதைச் சிறுவயதிலிருந்து பார்த்தவர் மாஸ்டர். அந்த உடல்வாகு தன் ரெய்டருக்கும் வாய்த்தால் நாற்பது நிமிட ஆட்டம் ஒரு பொருட்டாக இருக்காது என்று அவர் கருதியதில் அக்கறையும் இருந்தது, பார்வைக்கு நியாயமும் இருந்தது. மூன்று மாதம் இப்படி ஓடிய பின்பும் இரண்டாம் பாதியின் தளர்ச்சி அப்படியே நின்றது. போதாக்குறைக்கு முதல் பாதியின் துள்ளலும் குறைந்து, முழங்கால் வலியும் சேர்ந்துகொண்டது.

வீரரின் உயரம் ஐந்தடி எட்டு அங்குலம், எடை 71 கிலோ. செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு கொலுசுப் பட்டறையில் பற்றவைக்கும் வேலை. காலை முதல் மாலை வரை சம்மணமிட்டுத் தரையில் உட்கார்ந்திருப்பவர் என்பதால், வேலை நேரத்தில் கால் தசைகளுக்கு ஏறத்தாழ எந்தப் பளுவும் இல்லை. விடியலில் மலை, பகலில் சம்மணம், மாலையில் மைதானம் என்று அவருடைய நாள் ஓடியது.

பரிசோதனை

முழங்காலின் வலி சில்லுக்குக் கீழுள்ள தசைநாணில், அதாவது தசையின் இழுவையை எலும்புக்குக் கடத்தும் நாணில், இருந்தது. சாய்பலகை மீது ஒற்றைக் காலில் குந்தச் சொன்னபோது துல்லியமாக அந்த இடத்தைத் தொட்டுக் காட்டினார். வீக்கம் இல்லை; மூட்டு இணைப்பு நார்கள் உறுதியாக இருந்தன. இரத்தசோகை இருக்கலாமோ என்று ஹீமோகுளோபின் பார்த்ததில் அதுவும் இயல்பான அளவே.

அடுத்து மாஸ்டரின் கருத்தைச் சோதித்தோம். சமதரையில் பன்னிரண்டு நிமிடம் தொடர்ந்து ஓடச் செய்யும் கூப்பர் சோதனையில் அவர் 2,800 மீட்டரைத் தாண்டினார். அந்த வயதுக்கு அது மிக நல்ல அளவு. மாஸ்டர் எந்த ஸ்டாமினாவைத் தேடினாரோ அது அவரிடம் ஏற்கெனவே போதுமான அளவுக்கு இருந்தது. அதன்பின் வேறு நாளில், 20 மீட்டர் தூரத்தை முழு வேகத்தில் ஓடி, 30 விநாடி நின்று, மீண்டும் ஓடுவதாக எட்டு முறை ஓடச் செய்து, கைபேசிக் காணொளியிலிருந்து நேரத்தைக் கணக்கிட்டோம். முதல் ஓட்டம் 3.1 விநாடி. நான்காவது வரை பெரிய மாற்றம் இல்லை. ஐந்தாவதிலிருந்து சரிந்து, எட்டாவது 3.6 விநாடிக்குப் போயிற்று. உடனே அவரை உட்கார வைத்து, ஐந்து நிமிடம் கழித்து ஒன்பதாவது முறை ஓடச் சொன்னபோது ஏறத்தாழ முதல் ஓட்டத்தின் நேரமே வந்தது. சுண்ணாம்புச் சுவரில் சாக்குக்கட்டித் தூளைத் தொட்ட விரலால் எம்பிக் குறிக்கும் செங்குத்துத் தாவலையும் ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடுத்தோம். எட்டு ஓட்டங்களுக்குப் பின் குறி ஏறத்தாழ நான்கு விரற்கடை கீழே இறங்கியிருந்தது.

அவருடைய மாமன் மகன் கைபேசியில் எடுத்திருந்த இரண்டு இரவு ஆட்டங்களின் காணொளிதான் எல்லாவற்றையும்விட அதிகம் சொன்னது. நிறுத்தி நிறுத்திப் பார்த்தபோது அவர் திரும்பும் கணம் தெளிவாக விளங்கியது. முதல் பாதியில் தொட்டவுடன் முன்பாதத்தை ஊன்றி, இரண்டே எட்டில் உடலைத் திருப்பி நடுக்கோட்டை நோக்கிப் பாய்ந்தார். இரண்டாம் பாதியில் அதே திருப்பத்தில் குதிகால் தரையில் படிந்தது. திரும்ப மூன்று எட்டு வேண்டியிருந்தது. அந்த ஒரு எட்டுக்குள் எதிரணியின் கவர் ஆட்டக்காரர் கணுக்காலைப் பிடித்துவிட்டார். இதைவிட முக்கியமான இன்னொன்றும் இருந்தது. அவர் பிடிபட்டவை பெரும்பாலும் முந்தைய ரெய்டு முடிந்து ஒரு நிமிடத்துக்குள் மீண்டும் போன ரெய்டுகள். ஆட்டமிழந்து வெளியே உட்கார்ந்து, உயிர்பெற்று உள்ளே வந்தவுடன் எடுத்த ரெய்டுகளில், அது இரண்டாம் பாதியின் கடைசி நிமிடங்களாக இருந்தாலும்கூட, பழைய துள்ளல் திரும்பியிருந்தது. நேரம் போகப்போகத் தேயும் உடலாக இருந்தால் கடைசி நிமிடத்தில் அப்படிப் பாய முடியாது. அவருக்குக் குறைவாக இருந்தது இரண்டு ரெய்டுகளுக்கு இடையிலான மீட்சி.

தசைக்குள் நடப்பது

எலும்புத் தசை ஒரே வகையான நார்களால் ஆனதன்று. சிவந்த தசைக்கும் வெளிறிய தசைக்கும் இயக்கத்தில் வேறுபாடு உண்டு என்பதை 1873ஆம் ஆண்டிலேயே பிரெஞ்சு உடலியலாளர் ரான்வியே விவரித்தார். நாட்டுக்கோழியின் தொடைக்கறி கருஞ்சிவப்பாகவும் நெஞ்சுக்கறி வெளிறியும் இருப்பது இதே வேறுபாடுதான். நாள் முழுவதும் நடந்து கிளறும் கால்களுக்கு ஒரு வகை நார், எப்போதோ ஒருமுறை சிறகடித்துச் சுவரேறுவதற்கு வேறொரு வகை நார். மனிதரிடம் இப்படித் தனித்தனித் தசைகளாகப் பிரிந்திருப்பதில்லை. ஒவ்வொரு தசையிலும் மூன்று வகை நார்களும் கலந்தே இருக்கின்றன. கலப்பின் விகிதந்தான் தசைக்குத் தசையும் ஆளுக்கு ஆளும் மாறுகிறது.

முதல் வகை நார் மெதுவாகச் சுருங்கும், எளிதில் களைக்காது. அதில் ஆற்றல் உண்டாக்கும் நுண்ணுறுப்பான மைட்டோகாண்ட்ரியாவும், ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும் மயோகுளோபினும், நுண்ணிரத்தக் குழாய்களும் நிறைந்திருப்பதால் ஆக்சிஜனைக் கொண்டு நெடுநேரம் ஆற்றல் உண்டாக்கும். இரண்டாம் வகையில் இரு பிரிவுகள். எக்ஸ் என்று குறிக்கப்படும் நார் மிக வேகமாகச் சுருங்கி மிக விரைவில் களைத்துவிடும். ஏ என்று குறிக்கப்படும் நார் வேகமும் ஓரளவு தாங்கும் திறனும் சேர்ந்தது. இவற்றுக்கு நடுவில், இரண்டு வகை மயோசினையும் ஒருங்கே கொண்ட கலப்பு நார்களும் உண்டு. வகையைத் தீர்மானிப்பது மயோசின் என்ற புரதத்தின் வடிவம்; உடலின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியை அது எவ்வளவு விரைவாகச் சிதைக்கிறதோ அவ்வளவு விரைவாக நார் சுருங்கும். குறுக்குப் பரப்பளவைக் கணக்கிட்டுப் பார்த்தால், இருவகை நார்களும் தரும் இழுவிசையில் பெரிய வேறுபாடு இல்லை. வேறுபாடு வேகத்தில் இருக்கிறது. விசையையும் வேகத்தையும் பெருக்கி வரும் திறன்தான் ஒரு ரெய்டரின் பாய்ச்சல் என்பதால், வேகநாருக்கும் (இரண்டாம் வகை) மெதுநாருக்கும் (முதல் வகை) உள்ள இடைவெளி அங்கே பல மடங்காகிறது.

நேரக் கணக்கு இதைத் தெளிவாக்கும். ஒரு தசை தன் முழு விசையை எட்ட 0.3 விநாடியாவது வேண்டும். திரும்பும்போது பாதம் தரையில் இருப்பது பெரும்பாலும் அதைவிடக் குறைந்த நேரம். எனவே முழு விசை எவ்வளவு என்பதைவிட, கிடைக்கும் அந்தச் சிறு பொழுதில் விசை எவ்வளவு செங்குத்தாக ஏறுகிறது என்பதே ஆட்டத்தில் செல்லுபடியாகும். இதே மாவட்டத்தின் பெரியவடகம்பட்டியில் பிறந்து, 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்ற மாரியப்பன் தங்கவேலு தரையை உந்தும் கணமும் அத்தகையதே. உயரம் தாண்டுபவரின் உந்துகால் தரையில் இருப்பது கால் விநாடிக்கும் குறைவு. அதற்குள் வர முடியாத விசையால் பயனில்லை.

எந்த நார் எப்போது வேலைக்கு வரும் என்பதிலும் ஓர் ஒழுங்கு உண்டு. ஓர் இயக்க நரம்பணுவும் அது ஆளும் நார்களும் சேர்ந்து ஓர் இயக்க அலகு. உடலியலாளர் எல்வுட் ஹென்னமன் 1950, 60களில் காட்டியபடி, சிறிய நரம்பணுக்கள் முதலில் விழிக்கின்றன, பெரியவை கடைசியில். சிறியவை பெரும்பாலும் மெதுநார்களை ஆள்கின்றன, பெரியவை வேகநார்களை. நடக்கும்போதும் மிதமாக ஓடும்போதும் மெதுநார்களே போதுமானவை என்பதால் வேகநார்களின் பெரிய அலகுகள் உறங்கிக்கொண்டிருக்கும். கனமான பளுவைத் தூக்கும்போதும், பளு சிறிதானாலும் முழு வேகத்தில் உந்த முயலும்போதும்தான் அவை அழைக்கப்படுகின்றன. அழைக்கப்படாத நாருக்குப் பயிற்சி கிடைப்பதில்லை.

இனி இந்த வீரரின் முப்பது விநாடிக்கு வருவோம். முழுமுயற்சிக்கான உடனடி ஆற்றல் பாஸ்போகிரியேட்டின் என்ற சேமிப்பிலிருந்து வருகிறது. அது ஏறத்தாழப் பத்து விநாடி முழு முயற்சிக்கே தாங்கும். தீர்ந்த சேமிப்பில் பாதி திரும்ப நிரம்ப அரை நிமிடத்தை ஒட்டிய நேரம் பிடிக்கும். முழுமையாக நிரம்ப மூன்று முதல் ஐந்து நிமிடம் வேண்டும். கபடியில் ஒரு ரெய்டுக்கு அதிகபட்சம் 30 விநாடி. எதிரணியின் ரெய்டு முடிந்தவுடன் மீண்டும் நம் முறை. தொடர்ந்து தானே போகும் முதன்மை ரெய்டருக்கு இடைவெளி அரை நிமிடமே. அந்த அரை நிமிடத்திலும் அவர் சும்மா நிற்பதில்லை, சங்கிலி கோத்துப் பிடிக்கக் காத்திருக்கிறார். பாதி நிரம்பிய சேமிப்போடு அடுத்த ரெய்டு, அதிலும் பாதி நிரம்பியதோடு அதற்கடுத்தது என்று போனால், ஐந்தாவது ஓட்டத்தில் நாங்கள் பார்த்த சரிவு ஆட்டத்திலும் வரத்தான் செய்யும். ஐந்து நிமிடம் உட்கார்ந்தெழுந்தவுடன் வேகம் திரும்பியதற்கும், உயிர்பெற்று வந்த ரெய்டுகள் துள்ளியதற்கும் இதுவே பொருத்தமான விளக்கம்.

இங்கே மாஸ்டரின் பக்கம் நிற்கும் ஓர் உண்மையையும் சொல்லியாக வேண்டும். அந்த மறுநிரப்பு ஆக்சிஜனைக் கொண்டே நடக்கிறது. மைட்டோகாண்ட்ரியா மிகுந்த நார் விரைவாகவும், குறைந்த நார் தாமதமாகவும் மீள்கிறது. ஆகவே கபடிக்கு மூச்சுத்திறன் வேண்டாம் என்பதன்று. அது எந்த நாருக்குள் வேண்டும் என்பதே கேள்வி. மலையோட்டம் அதை ஏற்கெனவே வளமாக இருந்த மெதுநார்களில் மேலும் வளர்த்தது. ரெய்டில் வேலை செய்து களைத்த வேகநார்களை அது பெரும்பாலும் எட்டவேயில்லை.

மலை ஏன் உதவவில்லை

எட்டாமல் போனது ஒன்று, கெடுத்தது இன்னொன்று. வலிமைப் பயிற்சியையும் மிகுந்த தாங்குதிறன் பயிற்சியையும் ஒரே காலத்தில் செய்தால் முன்னதன் பலன் மட்டுப்படும் என்பதை ராபர்ட் ஹிக்சன் 1980இல் வெளியிட்ட ஆய்வு முதலில் தெளிவாகக் காட்டியது. பத்து வாரம் நீடித்த அந்த ஆய்வில், இரண்டையும் செய்தவர்களின் வலிமை முதல் சில வாரங்கள் மற்றவர்களுக்கு நிகராகவே ஏறி, பின்னர் நின்று, இறுதியில் சற்றுச் சரிந்தது. இந்தக் குறுக்கீடு தசையின் பருமனைவிட, நொடிப்பொழுதில் விசை தரும் வெடிப்புத்திறனையே அதிகம் பாதிக்கிறது என்பதுதான் பின்வந்த ஆய்வுகளிலிருந்து தெரிவது. மாலை மைதானத்தில் பெற்றதை விடியலில் மலையில் இழந்துகொண்டிருந்தார் இந்த வீரர்.

ஏற்றத்தைவிட இறக்கத்தில்தான் அதிகச் சேதம். மலையிறங்கி ஓடும்போது தொடையின் முன்தசை நீண்டுகொண்டே விசை தர வேண்டியிருக்கிறது. ஒவ்வோர் எட்டிலும் உடல் எடையைத் தடுத்து நிறுத்தும் வேலை அதனுடையது. இவ்வகைச் சுருக்கத்தில் நார்களுக்குள் நுண்ணிய கிழிசல்கள் ஏற்படுகின்றன. அவற்றில் வேகநார்களே அதிகம் அடிபடுகின்றன. வலி மறுநாள் தொடங்கி மூன்று நாளுக்குள் உச்சத்தை எட்டும். விசைக்குறைவு அதற்குப் பின்னும் சில நாள் நீடிக்கலாம். அடிபட்ட தசை, தன் மாவுச்சத்துச் சேமிப்பான கிளைக்கோஜனை மீண்டும் சேமிப்பதிலும் பின்தங்கும். இவர் வெள்ளிக்கிழமை விடியலில் மலையிறங்கி ஓடிவிட்டு, சனி, ஞாயிறு இரவுகளில் ஆடியிருக்கிறார். முதல் சில வாரங்களுக்குப் பின் தசைவலி நின்றுவிட்டது என்று அவர் சொன்னதும் எதிர்பார்க்கத்தக்கதே, ஒருமுறை அடிபட்ட தசை அடுத்த முறை அதே பளுவுக்குத் தற்காப்புப் பெற்றுவிடும். வலி நின்றதை உடல் பழகிவிட்டது என்று எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். தசை பழகியது, ஒவ்வோர் இறக்கத்திலும் இழுபட்ட தசைநாண் பழகவில்லை. முழங்கால் வலி அதன் விளைவு.

மூட்டை சுமந்து மலையேறுபவரோடு செய்த ஒப்பீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. அவருடைய திறமை அருமையானது. மணிக்கணக்கில் சீரான விசை தரும் மெதுநார்களும், பல ஆண்டு நடையில் வளர்ந்த இதயமும் அதன் பின்னால் இருக்கின்றன. ஆனால் அவர் வேலையில் எந்தக் கணத்திலும் கால் விநாடிக்குள் திரும்பிப் பாய வேண்டிய தேவை இல்லை. அவரை ரெய்டராக்க முயல்வதும் ரெய்டரை அவராக்க முயல்வதும் ஒரே வகைத் தவறு.

மாற்றிய பயிற்சி

மலையோட்டத்தை முற்றிலும் நிறுத்தினோம். மாஸ்டருக்கு இதில் மனத்தாங்கல் இருந்தது. மலையையே விட்டுவிட வேண்டாம் என்று கேட்டார். அதில் பொருள் இருந்ததால், அடிவாரத்துக்கு அருகில் வண்டி நடமாட்டமில்லாத ஒரு மண்சரிவைத் தேர்ந்து, ஆறு முதல் எட்டு விநாடி முழு வேகத்தில் ஏறுவது, இறங்கும்போது நடந்தே இறங்குவது, மூன்று நிமிடம் ஓய்வு என்று அதை மாற்றினோம். ஏற்றத்தில் பாதம் உந்த வேண்டியிருக்கிறது, ஆனால் தடுத்து நிறுத்தும் அடி குறைவு. வேகநார்களை அழைக்கவும் தசைநாணைக் காக்கவும் இது ஒருசேர உதவியது.

முழங்காலுக்கு முதல் மூன்று வாரம் அசையாமல் பளுவைத் தாங்கும் பயிற்சியும், பிறகு மெதுவாகக் குந்தி எழும் பயிற்சியும் கொடுத்தோம். வலி அடங்கிய பின் வாரத்தில் இரண்டு நாள் உடற்பயிற்சிக் கூடத்தில் கனமான பளுவோடு, ஒரு சுற்றுக்கு ஐந்தைத் தாண்டாமல் குந்துதல். எழும்போது இயன்ற வேகத்தில் எழ முயல வேண்டும், பளு கனமாக இருப்பதால் பளுத்தண்டு மெதுவாகவே நகர்ந்தாலும் பரவாயில்லை, நரம்பு கொடுக்கும் கட்டளை வேகமாக இருக்கட்டும் என்பதை அவருக்குத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. கெண்டைக்காலில் இரு தசைகளை வேறுபடுத்தினோம். ஆழத்திலுள்ள சோலியஸில் பத்தில் எட்டுப் பங்கு நார்கள் முதல் வகை. மேலேயுள்ள காஸ்ட்ரோக்னீமியஸில் ஏறத்தாழ பாதிக்குப் பாதி. முழங்காலை மடக்கிக் குதிகால் உயர்த்தினால் சோலியஸுக்கும், நீட்டி உயர்த்தினால் மற்றதற்கும் வேலை அதிகம். காணொளியில் குதிகால் தரையில் படிந்ததைப் பார்த்திருந்ததால், முழங்காலை நீட்டி, வேகமாக எம்பும் வகைக்கு முன்னுரிமை தந்தோம்.

மூன்றாவது பகுதியை மைதானத்திலேயே வைத்தோம், என் கணிப்பில் மிகுந்த பலன் தந்தது இதுவே. அளவு குறித்த மைதானத்தில் நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டரில் தொடுகோடு, 4.75 மீட்டரில் போனஸ் கோடு. அங்கே உண்மையான எதிரிகளோடு 20 விநாடி ரெய்டு, 30 விநாடி இடைவெளி, இப்படி ஐந்து, அதன்பின் நான்கு நிமிட ஓய்வு, மீண்டும் ஐந்து. களைத்த வேகநாரையே மறுபடி மறுபடி வேலைக்கு அழைத்து, அந்த நாருக்குள்ளேயே மீட்சித்திறனை வளர்ப்பது இதன் நோக்கம். எக்ஸ் பிரிவு நார்கள் பயிற்சியில் ஏ பிரிவை நோக்கி நகர்வது நன்கு நிறுவப்பட்ட செய்தி. கபடிக்கு இந்த நகர்வு இழப்பாகாது. வேகத்தில் சிறிது விட்டுக்கொடுத்து மீட்சியில் பெரிது பெறுவது முதன்மை ரெய்டருக்கு ஆதாயமே.

உணவையும் விடவில்லை. ஆட்ட நாளில் மதியச் சோற்றுக்குப் பின் ஒரு தட்டுவடை செட்டும் தேநீருமே அவர் வயிற்றில் இருந்திருக்கிறது. ஆட்டம் தொடங்குவதோ இரவு ஒன்பது மணிக்கு மேல். விட்டுவிட்டுப் பாயும் ஆட்டங்களில் வேகநார்களின் கிளைக்கோஜன்தான் முதலில் கரைகிறது. ஆட்டத்துக்கு மூன்று மணி நேரம் முன் இட்லி அல்லது சோறு, இடைவேளையில் வாழைப்பழமும் உப்பும் சர்க்கரையும் சேர்த்த எலுமிச்சைச் சாறும் என்று மாற்றினோம். பொங்கல் ஆட்டங்களுக்குப் பத்து நாள் இருக்கையில் பளுவின் கனத்தைக் குறைக்காமல் பயிற்சியின் அளவை மட்டும் பாதியாக்கினோம்.

பொங்கல் ஆட்டங்கள்

முழங்கால் வலி கார்த்திகை மாதத்துக்குள் ஏறத்தாழ நின்றது. மார்கழிக் கடைசியில் பழைய சோதனைகளை மறுபடி எடுத்தோம். சுவரில் சாக்குக்கட்டிக் குறி பழையதைவிட மூன்று விரற்கடை, அதாவது ஐந்து சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக ஏறியிருந்தது. முதல் 20 மீட்டர் ஓட்டம் 3.0 விநாடி, கணக்கீட்டுப் பிழையை நினைத்தால் இதைப் பெரிய முன்னேற்றமாக நான் கொள்ளவில்லை. எட்டாவது ஓட்டம் 3.6இலிருந்து 3.3க்கு வந்ததுதான் பொருட்படுத்தத்தக்கது. பன்னிரண்டு நிமிட ஓட்டத்தின் தூரம் மாறவில்லை. மலையை விட்டால் மூச்சு போய்விடும் என்று மாஸ்டர் அஞ்சியிருந்ததால், அந்த ஒரு முடிவை அவரிடம் முதலில் காட்டினேன்.

பொங்கலையொட்டி நடந்த ஊர்ப் போட்டியில் அவர் ஆடிய ஆட்டங்களை மறுபடி காணொளியில் பார்த்தோம். இரண்டாம் பாதித் திருப்பங்களில் பெரும்பாலானவற்றில் முன்பாதமே ஊன்றியது. அரையிறுதியின் கடைசிப் பத்து நிமிடத்தில் மட்டும் குதிகால் இரண்டு முறை படிந்தது. அடுத்தடுத்துப் போன ரெய்டுகளில் பிடிபடுவது குறைந்தது. இதில் பயிற்சிக்கு மட்டும் பங்கு இல்லை. காணொளியைப் பார்த்த மாஸ்டர், மூன்று ரெய்டுக்கு ஒருமுறை வேறொரு வீரரை அனுப்பி இவருக்கு இடைவெளி கொடுக்கத் தொடங்கியிருந்தார். அந்த முடிவு முழுக்க அவருடையது. மருத்துவ அறிவைக் களத்தின் அறிவாக மாற்றிய அந்த முடிவை நான் மிகவும் மதிக்கிறேன்.

இந்த ஆய்வின் எல்லை

இந்த வீரரின் தசையில் எந்த நார் எத்தனை விழுக்காடு என்பதை நாங்கள் அளக்கவில்லை. அளப்பதற்கு, 1962இல் பெர்க்ஸ்ட்ரோம் பரப்பிய வகையிலான ஊசியைத் தொடைத் தசைக்குள் செலுத்தித் துணுக்கெடுக்க வேண்டும். முழங்கால் வலியோடு வந்தவருக்கு அதைச் செய்ய எந்த நியாயமும் இல்லை. எனவே நார் வகை மாறியது என்று நான் சொல்ல மாட்டேன். முதல் சில வாரங்களில் வரும் வலிமை பெரும்பாலும் நரம்பு கற்றுக்கொள்வதால் வருவது, நார் மாறுவதால் அன்று. உணவு, ஓய்வு, பயிற்சி, ஆட்ட உத்தி நான்கையும் ஒருசேர மாற்றியதால் எதன் பங்கு எவ்வளவு என்று பிரிக்கவும் இயலாது.

இதைப் படிக்கும் பயிற்சியாளர்களுக்காக ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நெடுந்தூர ஓட்டத்தில் சிறந்தவர்களின் கெண்டைத்தசையில் மெதுநார் 70 விழுக்காட்டை ஒட்டியும் அதற்கு மேலும், குறுந்தூர ஓட்டத்தில் சிறந்தவர்களிடம் 25 விழுக்காட்டை ஒட்டியும் இருந்ததாக 1970களின் ஆய்வுகள் காட்டின. இந்த எண்களைப் பிடித்துக்கொண்டு பள்ளிப் பிள்ளைகளை இவன் வேகக்காரன், இவள் தாங்குபவள் என்று பிரிப்பது சரியன்று. அவை உச்சியை எட்டியவர்களின் எண்கள். சிமோனோ, பூஷார் இருவரும் 1995இல் செய்த மதிப்பீட்டின்படி, மெதுநார் விழுக்காட்டில் ஆளுக்கு ஆள் காணப்படும் வேறுபாட்டில் ஏறத்தாழ 45 விழுக்காடு மரபுவழி, 40 விழுக்காடு சூழல். மீதி அளவீட்டுப் பிழை. மலைக் கிராமத்துப் பிள்ளை என்பதற்காகவே நெடுந்தூர ஓட்டத்துக்கு அனுப்பப்படும் சிறுமியின் தொடையில் என்ன இருக்கிறது என்பதை அவள் ஊர் தீர்மானிப்பதில்லை. அவளை எம்பச் சொல்லியும், குறுந்தூரம் ஓடச் சொல்லியும், பலமுறை ஓடச் சொல்லியும் பார்த்த பின் பேசலாம்.

இப்போதைய நிலை

போட்டிகள் முடிந்ததும் வீரருக்கு மூன்று வாரம் கனமான பயிற்சி வேண்டாம் என்றோம். அதற்கும் ஒரு காரணம் உண்டு. ஆண்டர்சன், ஆகார்டு இருவரும் 2000ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், மூன்று மாத வலிமைப் பயிற்சியில் எக்ஸ் வகை மயோசின் ஏறத்தாழ 9 விழுக்காட்டிலிருந்து 2க்குச் சுருங்கி, பயிற்சியை விட்ட மூன்று மாதத்தில் தொடக்க அளவையும் தாண்டி 17 விழுக்காட்டை எட்டியது. ஓய்வு வேகநாரைக் கொன்றுவிடாது என்பதற்கு இது நல்ல சான்று. ஆனால் பயிற்சியை நெடுநாள் விட்டால் பயிற்சியில் பெற்ற தசைப் பருமன் குறையும். அதனால் ஓய்வை மூன்று வாரத்துக்கு மேல் நீட்ட மாட்டோம். மாசி நடுவில் குந்துதலும் மண்சரிவு ஓட்டமும் மீண்டும் தொடங்கும். பட்டறையில் மணிக்கொருமுறை எழுந்து இருபது முறை குதிகால் உயர்த்துவதை அவர் தொடர்கிறார்.

மாஸ்டர் இப்போது தன் இரண்டு கார்னர் ஆட்டக்காரர்களையும் அழைத்து வந்திருக்கிறார். அவர்களுடைய வேலை வேறு: நெடுநேரம் தாழ்ந்து நின்று, ஒரே பாய்ச்சலில் கணுக்காலைப் பற்றி, உதறும் காலை விடாமல் சில விநாடி பிடித்திருக்க வேண்டும். அந்தத் தாழ்நிலையில் எவ்வளவு நேரம் நிற்கிறார்கள், பிடி எந்த விநாடியில் நழுவுகிறது என்பதை அதே காணொளிகளிலிருந்து கணக்கெடுத்துக்கொண்டிருக்கிறோம். அது முடியும்வரை அவர்களுக்குப் பயிற்சி எதையும் மாற்றவில்லை.